காவிப் பல்: ஒரு பல் டாக்டரின் முப்பது வருடக் கேள்வி

எங்கள் வகுப்பில் தருமபுரிப் பக்கத்திலிருந்து வரும் நண்பன் ஒருவன் இருக்கிறான். நன்றாக ஜோக் அடிப்பான், ஆனால் சிரிக்கும்போது மட்டும் கை தானாக வாய்க்குப் போய்விடும். முன்பற்களில் பழுப்பு நிறத்தில் கோடுகள். முதல் வருடம் ஹாஸ்டலில் "பல்லு தேய்க்கிறதே இல்லையாடா?" என்று எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்! நானும் கேட்டவன்தான். அப்புறம் ஒருநாள் அவனே சொன்னான், "எங்க ஊர்ல பாதிப் பேருக்கு இப்படித்தான். தண்ணி."

அந்த ஒற்றை வார்த்தையை, 'தண்ணி' என்பதை, உலகத்துக்குக் கண்டுபிடித்துச் சொல்ல ஒரு மனிதருக்கு முப்பது வருடம் ஆனது. அவர் பெரிய விஞ்ஞானி இல்லை. பல்லைப் பிடுங்கி, சொத்தையை அடைத்துப் பிழைப்பு நடத்திய சாதாரண பல் டாக்டர். தனியாளாகவும் அவர் அதைச் செய்யவில்லை. கல்லூரிக்காரர் ஒருவரும், கம்பெனிக்காரர் ஒருவரும், அரசாங்கத்துக்காரர் ஒருவரும் வெவ்வேறு கட்டங்களில் வந்து சேர்ந்தார்கள். காமர்ஸ் படிக்கிற எனக்குப் பல்லைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். மூன்று நாள் தூக்கம் கெட்டுப் படித்தேன், எழுதாமல் இருக்க முடியவில்லை.

1901ஆம் ஆண்டு. அமெரிக்காவில் ராக்கி மலையடிவாரத்தில் இருக்கும் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற ஊருக்கு பிரெடெரிக் மெக்கே என்ற இளைஞர் வருகிறார். அதற்கு முந்தைய வருடம்தான் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் முடித்திருந்தார். கிளினிக் திறந்து உட்கார்ந்தால், வருகிறவர்கள் வாயைத் திறந்தவுடன் அதிர்ச்சி. பல்லில் பழுப்புக் கறை. சிலருக்குப் பல் முழுக்கச் சாக்லேட் நிறம். தேய்த்தால் போகவில்லை, சுரண்டினாலும் போகவில்லை. கறை பல்லின் மேலே இல்லை, உள்ளேயே இருந்தது.

புத்தகத்தைப் புரட்டினார். எதிலும் இல்லை. ஊர்க்காரர்களைக் கேட்டால் ஆளுக்கொரு காரணம். பன்றிக்கறி அதிகம் தின்பதால் என்றார்கள் சிலர். பால் சரியில்லை என்றார்கள் சிலர். தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம் என்றவர்களும் உண்டு (இவர்கள் கொஞ்சம் கிட்டே வந்துவிட்டார்கள்!). பழகிப்போன ஒன்றை யாரும் நோயாகப் பார்ப்பதில்லை. அதற்கு 'கொலராடோ பழுப்புக் கறை' என்று பேர் வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இங்கே ஒரு வேடிக்கை. மெக்கே கொலராடோவில் கால் வைத்த அதே 1901இல், ஈகர் என்ற அமெரிக்க அரசு மருத்துவர் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்திலிருந்து ஓர் அறிக்கை எழுதியிருந்தார். அமெரிக்காவுக்குக் கப்பலேற வரும் அந்தப் பகுதி மக்களின் பற்களில் விசித்திரமான கறை இருக்கிறது என்று. ஆக, விஷயம் அச்சில் ஏற்கெனவே இருந்தது. ஆனால் நேப்பிள்ஸில் எழுதியவருக்குக் கொலராடோ தெரியாது, கொலராடோவில் தேடியவருக்கு நேப்பிள்ஸ் தெரியாது.

மெக்கே என்ன செய்தார்? தனக்குத் தெரிந்த வரையில் மிகப் பெரிய ஆளுக்குக் கடிதம் எழுதினார். அந்த ஆள் ஜி. வி. பிளாக். சிகாகோவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகப் பல் மருத்துவப் பள்ளியின் டீன். இன்றைக்கும் பல் மருத்துவ மாணவர்கள் சொத்தைகளை வகை பிரிக்கும் முறை அவர் வகுத்ததுதான். அவ்வளவு பெரிய பேராசிரியர் என்றால் பெரிய பெரிய பட்டங்கள் வாங்கியவராக இருப்பார் என்று நினைத்தேன். இல்லை! முறையான பள்ளிப் படிப்பே குறைவு. ஒரு பல் மருத்துவரிடம் சில மாதம் கூட இருந்து தொழில் பழகி, இல்லினாய் மாநிலத்தின் சிறு ஊர் ஒன்றில் பல வருடம் கிளினிக் நடத்தியவர். பிறகுதான் கல்லூரி. மெக்கேவை அவர் பின்னால் மதித்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் முதலில் நம்பவில்லை. இவ்வளவு பேருக்கு இருக்கிற ஒன்று பல் மருத்துவ நூல்களில் எப்படி வராமல் போகும் என்பது அவருடைய சந்தேகம். நியாயமான சந்தேகம்தான். மெக்கே வாதாடவில்லை. கறை படிந்த பற்களைப் பார்சல் கட்டி அனுப்பி வைத்தார். அதோடு நிற்காமல், 1909இல் கொலராடோ ஸ்பிரிங்ஸ் பள்ளிகளில் ஒரு கணக்கெடுப்பும் நடந்தது. 2,945 குழந்தைகளின் வாயைப் பார்த்தார்கள். ஊரிலேயே பிறந்து வளர்ந்த குழந்தைகளில் 87.5 சதவீதம் பேருக்குக் கறை!

அந்த 'ஊரிலேயே பிறந்து வளர்ந்த' என்ற சொற்களைக் கவனியுங்கள். எத்தனை பேருக்குக் கறை என்பதோடு, அந்தக் குழந்தை எங்கே பிறந்தது, எந்த வயதில் இந்த ஊருக்கு வந்தது என்பதையும் சேர்த்துக் கேட்டார் மெக்கே. இது ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு எளிதில் கிடைக்கும் தகவல் இல்லை. குடும்பத்தையே தெரிந்து வைத்திருக்கும் ஊர் டாக்டருக்குத்தான் கிடைக்கும்.

1909இல் பிளாக் நேரிலேயே வந்துவிட்டார். அப்போது அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது. தெருவில் விளையாடும் குழந்தைகளின் பல்லைத் தன் கண்ணாலேயே பார்த்தார். அதிலிருந்து 1915இல் சாகும் வரை ஆறு வருடம் இருவரும் சேர்ந்து வேலை செய்தார்கள். வேலைப் பங்கீடு இயல்பாகவே அமைந்தது. மெக்கே ஊர் ஊராகப் போய் யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை என்று பார்ப்பார். பிளாக் பல்லை மெல்லிய சீவல்களாகத் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் வைப்பார்.

அந்த மைக்ராஸ்கோப்பில் தெரிந்தது என்ன? எனாமல் என்பது லட்சக்கணக்கான நுண்ணிய கம்பிகளை நெருக்கி அடுக்கியது போன்ற அமைப்பு. கறைப் பற்களின் வெளிப்பகுதியில் அந்தக் கம்பிகளை ஒட்டவைக்கும் பொருள் சரியாக இல்லை. அதாவது பல் முளைத்த பிறகு வந்த கேடு அல்ல, ஈறுக்குள்ளே பல் உருவாகும்போதே நடந்த குறை. ஆகவே பெரியவர்களான பின் அந்த ஊருக்குக் குடிவந்தவர்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் குழந்தையாக அங்கே வளர்ந்து பல் உருவாகிவிட்டால், பிறகு எங்கே போனாலும் மாறாது. மெக்கேவின் கணக்கெடுப்பு காட்டிய அதே முடிவு, மைக்ராஸ்கோப் வழியாக இன்னொரு பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. இவ்வளவு கோளாறான எனாமல் என்றால் சொத்தை அதிகம் விழ வேண்டும் இல்லையா? விழவில்லை. எதிர்பார்த்ததை விடக் குறைவு. ஏன் என்று இருவருக்கும் புரியவில்லை. புரியாததை மறைக்காமல் எழுதி வைத்தார்கள், அதுதான் பின்னால் உதவியது.

பிளாக் காலமானார். இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரைகள் 1916இல் வெளிவந்தன. காரணம் மட்டும் கிடைக்கவில்லை. மெக்கேவின் சந்தேகம் தண்ணீர் மேல் திரும்பியிருந்தது, ஆனால் ஆதாரம் வேண்டுமே.

ஆதாரம் பிரிட்டன் என்ற ஊரில் கிடைத்தது (நம்மை ஆண்ட பிரிட்டன் இல்லை, தெற்கு டகோட்டா மாநிலத்தில் ஒரு சின்ன ஊர்). 1898 வரை அந்த ஊர்க்காரர்கள் வீட்டுக்கு வீடு ஆழமில்லாத கிணற்றில் இறைத்துக் குடித்தார்கள். 1898இல் ஆழமாகத் துளை போட்டு, பொதுக் குழாயில் தண்ணீர் வந்தது. வளர்ச்சி! 1916இல் மெக்கே போய்ப் பார்க்கிறார். 1898க்கு முன் குழந்தைப் பருவத்தைக் கடந்தவர்களுக்கு நல்ல பல். அதற்குப் பின் அங்கே வளர்ந்தவர்களுக்குக் கறை. ஒரே ஊர், ஒரே சாப்பாடு, நடுவில் ஒரு வருடம் கோடு போட்டது போல.

அடுத்து ஐடஹோ மாநிலத்தில் ஓக்லி. வெதுவெதுப்பான ஓர் ஊற்றிலிருந்து ஐந்து மைல் குழாய் போட்டு ஊருக்குத் தண்ணீர் கொண்டு வந்திருந்தார்கள். அதன் பிறகு பிள்ளைகளின் பல்லில் கறை. 1923இல் கவலையோடு இருந்த பெற்றோர்களை மெக்கே சந்திக்கிறார். தண்ணீரைச் சோதித்தால் சந்தேகப்படும்படி எதுவும் இல்லை. ஆனாலும் அந்தக் குழாயை விட்டுவிட்டு வேறு ஊற்றுக்கு மாறுங்கள் என்றார். யோசித்துப் பாருங்கள், லேப் ரிப்போர்ட் 'ஒன்றுமில்லை' என்கிறது, ஒரு வெளியூர் பல் டாக்டர் வந்து உங்கள் ஊர்க் காசில் போட்ட குழாயைக் கைவிடச் சொல்கிறார். அவர்கள் கேட்டார்கள்! 1925இல் மாற்றினார்கள். சில வருடம் கழித்து, அடுத்து வந்த சின்னப் பிள்ளைகளுக்குக் கறையில்லாமல் பல் முளைத்தது. காரணப் பொருளின் பெயர் தெரியாமலே நோயை நிறுத்தியாகிவிட்டது.

இங்கே ஒரு காமர்ஸ் மாணவனின் குறுக்கீடு. கிளினிக் நடத்தும் டாக்டருக்கு நாற்காலியில் நோயாளி இல்லாத ஒவ்வொரு நாளும் நஷ்டம்தான். நாங்கள் 'வாய்ப்புச் செலவு' என்று படிப்பது இதைத்தான். பேராசிரியர் ஆராய்ச்சி செய்தால் சம்பளம் ஓடும். தொழில் செய்பவர் ஆராய்ச்சி செய்தால் வருமானம் நிற்கும். தினசரி சிகிச்சையில் எழும் கேள்விகளில் பெரும்பாலானவை கேள்வியாகவே செத்துப்போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். மெக்கே இதைத் தாங்கிக்கொண்டு முப்பது வருடம் அலைந்தார் என்பது எனக்கு அவருடைய கண்டுபிடிப்பை விடப் பெரிதாகத் தெரிகிறது.

இப்போது கதைக்குள் ஒரு கம்பெனி வருகிறது. அர்கன்சாஸ் மாநிலத்தில் பாக்சைட் என்றே ஓர் ஊர். அலுமினியக் கம்பெனியான அல்கோவாவின் சுரங்க ஊர். அங்கும் 1909இல் ஆழ்கிணற்றுக்கு மாறிய பிறகு கறை. ஐந்து மைல் தள்ளியுள்ள பென்டன் ஊரில் கறையே இல்லை. மெக்கேவும், அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையைச் சேர்ந்த டாக்டர் குரோவர் கெம்ப்பும் போய்ப் பார்த்து அறிக்கை எழுதினார்கள். அந்த அறிக்கை அல்கோவாவின் தலைமை வேதியியலாளர் எச். வி. சர்ச்சில் மேசைக்குப் போனது. அந்தச் சமயம் அலுமினியப் பாத்திரத்தில் சமைத்தால் விஷம் என்று ஒரு பிரசாரம் நடந்துகொண்டிருந்தது. "அலுமினிய ஊரில் பிள்ளைகளின் பல் கெடுகிறது" என்ற செய்தி வெளியே போனால் பாத்திர வியாபாரம் என்னாவது? ஆக, சர்ச்சில் களத்தில் இறங்கியது பல் மீதுள்ள அக்கறையால் அல்ல என்பது என் கருத்து. வியாபாரத்தைக் காப்பாற்ற.

ஆனால் அவரிடம் இருந்த கருவி மெக்கேவிடம் இல்லை. அதுவரை தண்ணீரைச் சோதித்தவர்கள் எல்லோரும் வழக்கமான பொருட்களைத்தான் தேடினார்கள். சர்ச்சில் ஒளியைப் பிரித்துப் பார்க்கும் கருவியில், மிகச் சொற்ப அளவில் இருக்கும் தனிமங்களையும் தேடச் சொன்னார். வந்தது புளோரைடு. தண்ணீரில் அதை எதிர்பார்க்காததால் சாம்பிள் கெட்டிருக்கும் என்று சந்தேகப்பட்டு மறுபடி தண்ணீர் வரவழைத்தார்கள். மறுபடியும் அதே. பத்து லட்சம் பங்கு தண்ணீரில் 13.7 பங்கு, அதாவது லிட்டருக்கு 13.7 மில்லிகிராம்.

1931 தொடக்கத்தில் சர்ச்சில் மெக்கேவுக்கு எழுதினார். கறை உள்ள மற்ற ஊர்களின் தண்ணீர் கிடைக்குமா? இந்தக் கேள்விக்கு உலகத்தில் ஒரே ஒருவரால்தான் பதில் சொல்ல முடியும். எந்தெந்த ஊர், எந்தக் கிணறு என்று முப்பது வருடமாகக் குறித்து வைத்திருப்பவரால். மெக்கே அனுப்பிய தண்ணீர்களில் எல்லாம் புளோரைடு அதிகம். கருவி இருந்தவரிடம் ஊர்ப் பட்டியல் இல்லை, பட்டியல் இருந்தவரிடம் கருவி இல்லை. அதே 1931இல் அரிசோனா பல்கலைக்கழகத்தில் மார்கரெட் ஸ்மித் குழுவினர் தனியாக, எலிகளை வைத்துச் சோதித்து, புளோரைடுதான் பல்லைக் கெடுக்கிறது என்று காட்டினார்கள். சர்ச்சிலின் கணக்கு 'இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன' என்று மட்டும் சொன்னது. 'இதனால்தான் அது' என்று சொன்னவை ஸ்மித்தின் எலிகள்.

இதற்குப் பின் நடந்தது பலருக்கும் தெரிந்த பகுதி, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். டிரெண்ட்லி டீன் என்பவர் அரசுச் சுகாதாரத் துறைக்கு வருமுன் இவரும் ஊரில் கிளினிக் வைத்திருந்த பல் டாக்டர்தான். எல்வோவ் என்ற வேதியியலாளர் நுட்பமாகப் புளோரைடை அளக்கும் முறையை உருவாக்கித் தர, டீன் ஊர் ஊராகப் பிள்ளைகளின் பல்லையும் தண்ணீரையும் ஒப்பிட்டார். 21 நகரங்கள், 12 முதல் 14 வயது வரை உள்ள 7,257 பிள்ளைகள். லிட்டருக்குச் சுமார் 1 மில்லிகிராம் இருந்தால் அசிங்கமான கறை வருவதில்லை, ஆனால் சொத்தை வெகுவாகக் குறைகிறது. பிளாக்கும் மெக்கேவும் புரியாமல் எழுதி வைத்த அந்த வரிக்கு விடை!

1945 ஜனவரி 25இல் மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராபிட்ஸ் நகரக் குடிநீரில் வேண்டுமென்றே புளோரைடு கலக்கத் தொடங்கினார்கள். பதினோரு வருடத்தில், அதன் பின் பிறந்த பிள்ளைகளிடம் சொத்தை 60 சதவீதத்துக்கு மேல் குறைந்தது என்று அறிவித்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த பக்கத்து நகரம் மஸ்கிகன் 1951லேயே பொறுக்கமுடியாமல் தானும் கலக்க ஆரம்பித்துவிட்டது, ஆகவே ஒப்பீடு பாதியிலேயே போயிற்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இன்று பற்பசையிலேயே புளோரைடு இருப்பதால் குடிநீரில் கலப்பதன் கூடுதல் பலன் குறைந்துவிட்டது என்று புதிய ஆய்வுகள் சொல்கின்றன. அமெரிக்காவிலேயே 2025இல் யூட்டா மாநிலமும் புளோரிடா மாநிலமும் கலப்பதைத் தடை செய்தன. அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. போனால் இது இன்னும் பத்துப் பக்கம் ஓடும்.

எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. மெக்கே மாதிரி ஒருவர் தற்செயலாகக் கிடைப்பதையே நம்பி இருக்க முடியாது என்று அமெரிக்காவில் பிற்பாடு உணர்ந்தார்கள். 2005இல் அங்குள்ள தேசியப் பல் ஆராய்ச்சி நிறுவனம், கிளினிக் நடத்தும் டாக்டர்களையும் பல்கலைக்கழகங்களையும் இணைக்கும் மூன்று வலையமைப்புகளுக்குப் பணம் கொடுத்தது. 2012இல் அவை ஒரே தேசிய வலையமைப்பாகின. கேள்வி கிளினிக்கிலிருந்து வரும், கணக்கும் முறையும் கல்லூரியிலிருந்து வரும், டாக்டர் செலவிடும் நேரத்துக்கு ஈடும் உண்டு. விரிசல் விட்ட பல்லை என்ன செய்வது, விட்டுவைக்கலாமா, தொப்பி போடலாமா என்பது போன்ற அன்றாடக் கேள்விக்காக 200க்கும் மேற்பட்ட டாக்டர்கள் சுமார் 3,000 நோயாளிகளைச் சேர்த்துப் பல வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். ஒரு தனி டாக்டரால் ஆயுள் முழுக்க உட்கார்ந்தாலும் சேர்க்க முடியாத எண்ணிக்கை அது.

நம் பக்கம் வருவோம். இந்தியாவில் இந்த நோய் பற்றிய முதல் அறிக்கை 1937இல், அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர் மாவட்டத்திலிருந்து வந்தது. எழுதியவர்கள் ஷார்ட் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும். அங்கே பல் மட்டுமல்ல, எலும்பே இறுகி, முதுகு வளையாமல் போன மனிதர்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரைக் குடித்து வளர்ந்த தலைமுறைகளின் பல்லில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது. காவிரித் தண்ணீரை அந்த ஊர்களுக்குக் கொண்டுபோகும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஜப்பான் கடனுதவியோடு, 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. அதன் அதிகாரப்பூர்வப் பெயரிலேயே 'புளோரோசிஸ் பாதிப்புக் குறைப்பு' என்று இருக்கிறது.

நண்பன் பிறந்தது 2004. அவன் முன்பற்களின் எனாமல் உருவாகி முடிந்தபோது ஒகேனக்கல் தண்ணீர் அவன் ஊருக்கு வந்திருக்கவில்லை. பிரிட்டன் ஊரின் 1898 கோட்டைப் போல, அவன் கோட்டுக்கு அந்தப் பக்கம் பிறந்துவிட்டான். இதையெல்லாம் ஒருநாள் மெஸ்ஸில் உட்கார்ந்து அவனிடம் சொன்னேன். பிளாக் சொன்னதையும் சொன்னேன், இனிமேல் நல்ல தண்ணீர் குடித்தாலும் இருக்கிற கறை போகாது என்று. அவனுக்கு அது தெரிந்துதான் இருந்தது. கிளினிக்கில் கேட்டு, பல்லின் மேல் மெல்லிய உறை போட என்ன செலவாகும் என்பது வரைக்கும் விசாரித்து வைத்திருந்தான்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தம்பி 2015இல் பிறந்தவன் என்றான். அவனுக்கு முன்பல் எல்லாம் வெள்ளையாக இருக்கிறதாம். ஒரு வீட்டை வைத்து எதையும் சொல்ல முடியாது, மெக்கே 2,945 வாயைப் பார்த்தார் என்றேன்.

"அது சரி மச்சான்," என்றான். "ஆனா எங்க வீட்ல எல்லாரும் இத்தனை நாளா அவன் ஒழுங்கா பல்லு தேய்க்கிறான், நான் தேய்க்கலைன்னுதான் திட்டிக்கிட்டு இருந்தாங்க."